தியேட்டரில் ஓடாத படம் 'கிளாசிக்' ஆவது எப்படி? 100 ஹாலிவுட் படங்களைப் பார்க்கத் தொடங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தை முதல்ல எங்கே பார்த்தீங்க? டிவியிலா, நண்பர் கொடுத்த பென் டிரைவிலா, ஓடிடியிலா? எதுவா இருந்தாலும், தியேட்டர்ல பார்த்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அமெரிக்கர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அதே கதைதான்.

1994-ல் வெளியான அந்தப் படத்தின் பட்ஜெட் சுமார் 2.5 கோடி டாலர். முதல் சுற்றில் அமெரிக்கத் தியேட்டர்களில் வசூலானது சுமார் 1.6 கோடி டாலர். ஆஸ்கர் விருதுக்கு 7 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1998-ல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 'சிறந்த 100 அமெரிக்கப் படங்கள்' பட்டியலை வெளியிட்டபோது, அதில் ஷாஷாங்க் இல்லை. 2007-ல் அதே பட்டியலைப் புதுப்பித்தபோது, 72-வது இடம்.

இந்த ஒன்பது வருஷத்துல படத்துல ஒரு ஃபிரேம்கூட மாறல. மாறினது, எத்தனை பேர் அதைப் பார்த்தாங்க என்பதுதான். வீடியோ கேசட் வாடகைக் கடைகளில் படம் சூடுபிடித்தது. 1997-லிருந்து டிஎன்டி என்ற கேபிள் சேனல் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது.

'இந்த வருஷம் கிளாசிக் ஹாலிவுட் படம் எல்லாத்தையும் பார்த்து முடிக்கணும்' என்று முடிவெடுத்து, பட்டியலை டவுன்லோடு செய்து, நம்பர் ஒன்றில் ஆரம்பித்து, நாலாவது படத்தோடு நிறுத்தியவர்கள் நம்மில் நிறைய பேர். பிரச்சினை உங்க ரசனையில இல்ல. அந்தப் பட்டியல் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா, அதை எப்படிப் பார்க்கணும் என்பதும் புரிஞ்சிடும்.

முதல்ல, அது என்ன பட்டியல்?

அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக ஏ.எஃப்.ஐ., 1967-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. அமெரிக்க சினிமாவின் நூற்றாண்டைக் கொண்டாட 1998-ல் அது முதல் பட்டியலை வெளியிட்டது. 400 படங்கள் கொண்ட வாக்குச்சீட்டு தயாரானது. இயக்குநர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள், விமர்சகர்கள் எனத் திரைத்துறை சார்ந்த 1,500-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். 2007-ல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதன் பிறகு இந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டு முறையும் முதலிடம் 'சிட்டிசன் கேன்' (1941). 2007 பட்டியலில் அடுத்த இரண்டு இடங்கள் 'தி காட்ஃபாதர்', 'காசாபிளாங்கா'. 23 படங்கள் வெளியேறி 23 படங்கள் புதிதாக நுழைந்தன. அப்படி நுழைந்தவற்றில் ஒன்று, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் இயக்கிய 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999). 89-வது இடம்.

வாக்களிப்பவர்களிடம் சில அளவுகோல்களைக் கவனிக்கச் சொன்னார்கள். விமர்சகர்களின் பாராட்டு, விருதுகள், வரலாற்று முக்கியத்துவம், பண்பாட்டுத் தாக்கம். இதோடு இன்னொன்றும் உண்டு: காலம் கடந்த பிரபலம். பாக்ஸ் ஆபீஸ் வசூல் மட்டுமல்ல, டிவி ஒளிபரப்பு, வீடியோ விற்பனை, வாடகை எல்லாமே இதில் அடக்கம்.

அதாவது, படம் எவ்வளவு நல்லா இருக்கு என்பதோடு, மக்கள் கைக்கு அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதும் விதியிலேயே இருக்கு. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கிட்டு மேல் இடங்களைப் பாருங்க. சுவாரஸ்யமான சில கதைகள் கிடைக்கும்.

நம்பர் 1 படமும் நஷ்டம்தானா?

ஆமா. 'சிட்டிசன் கேன்' எடுத்தபோது ஆர்சன் வெல்ஸுக்கு வயது 25. கதாநாயகன் ஒரு பத்திரிகை அதிபர். நிஜத்தில் பத்திரிகை சாம்ராஜ்ஜியம் நடத்திய வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் சாயல் அதில் இருந்தது ஊரறிந்த ரகசியம். ஹர்ஸ்ட் சும்மா இருக்கவில்லை. அவரது பத்திரிகைகளில் படத்துக்கு விளம்பரம்கூட வராதபடி பார்த்துக்கொண்டார். பல தியேட்டர்கள் படத்தைப் போடத் தயங்கின. விமர்சகர்கள் பாராட்டியும் படம் நஷ்டம். 9 ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதைக்கு மட்டும் விருது.

அதன்பின் தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே.ஓ. படத்தைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்துவிட்டது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952-ல் உலக விமர்சகர்களிடம் நடத்திய முதல் கருத்துக்கணிப்பில், முதல் 10 படங்களில் 'சிட்டிசன் கேன்' கிடையாது. 1950-களின் நடுவில் ஆர்.கே.ஓ. தன் பழைய படங்களை டிவிக்கு விற்றது. 1956-ல் 'சிட்டிசன் கேன்' மறுபடி தியேட்டருக்கும் வந்தது. அடுத்த கருத்துக்கணிப்பு 1962-ல். முதலிடம் 'சிட்டிசன் கேன்'. 2002 வரை தொடர்ந்து ஐந்து முறை அதே இடம்.

படத்துல சரக்கு இல்லாம இது நடக்காது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், பக்கத்தில் இருக்கும் முகமும் தூரத்து ஜன்னலும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்படி காட்சிகளை எடுத்தார். கேமராவைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோக செட்டின் தரையையே வெட்டினார்கள். அந்தக் கோணத்தில் கூரை தெரியும் என்பதால், துணியில் கூரை செய்து, அதற்கு மேலே மைக்கை மறைத்தார்கள். ஆனா அதெல்லாம் 1941-லயே படத்துல இருந்துச்சு. கொண்டாட ஆள் வந்தது 15 வருஷம் கழிச்சு.

டிவி வளர்த்த குழந்தைகள்

'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' 1939-ல் வெளியானபோது கூட்டம் வந்தது. ஆனால் செலவு மிக அதிகம். முதல் சுற்றில் போட்ட பணம் திரும்பவில்லை. 1956 நவம்பர் 3 அன்று சிபிஎஸ் டிவி அதை ஒளிபரப்பியது. 1959-லிருந்து அது வருடாந்திர நிகழ்ச்சியானது. நம்ம ஊர்ல பண்டிகைக்கு டிவியில சிறப்புத் திரைப்படம் போடுவாங்களே, அந்த மாதிரி. குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் சடங்காக அது மாறியது. 1998 பட்டியலில் 6-வது இடம்.

இதைவிட விசித்திரம் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946-ல் வெளியாகி நஷ்டம். 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமலே ஒளிபரப்பலாம் என்று தெரிந்ததும், அமெரிக்காவின் உள்ளூர் டிவி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ளின. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. 1990-களில் உரிமை மறுபடி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் அதற்குள் படம் அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸில் ஒரு பகுதியாகிவிட்டது. 1998-ல் 11-வது இடம், 2007-ல் 20-வது இடம்.

ஒரு ஃபார்ம் போடாம விட்டதால ஒரு படம் பிழைச்ச கதை இது.

பெட்டிக்குள் இருந்தால்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) வெளியானபோது பெரிய வரவேற்பு இல்லை. அதன் உரிமை ஹிட்ச்காக்கிடமே இருந்தது. 1970-களில் அவர் அதை வெளியே விடுவதை நிறுத்தினார். சுமார் பத்து ஆண்டுகள் படம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1983-ல் மறுபடி திரைக்கு வந்தது. 1996-ல் மங்கிப்போயிருந்த வண்ணங்களை மீட்டெடுத்த புதிய பிரின்ட் வெளியானது. 1998 பட்டியலில் 61-வது இடம். 2007-ல் 9-வது இடம். மீட்டெடுப்பு மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா பார்க்கக் கிடைக்காத படத்துக்கு இந்தப் பாய்ச்சல் சாத்தியமே இல்ல.

பஸ்டர் கீட்டனின் மௌனப் படம் 'தி ஜெனரல்' (1926) இன்னொரு உதாரணம். வந்தபோது தோல்வி. அந்தத் தோல்விக்குப் பிறகு சொந்தமாகப் படமெடுக்கும் சுதந்திரத்தையே கீட்டன் இழந்து, எம்ஜிஎம் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1950-களில் அவரது பழைய படங்களின் பிரின்ட்டுகள் தேடி எடுக்கப்பட்ட பிறகுதான் புதிய ரசிகர்கள் வந்தார்கள். 1998 பட்டியலில் இல்லாத 'தி ஜெனரல்', 2007-ல் நேராக 18-வது இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பார்க்கவே கிடைக்காத படங்கள் எத்தனை?

பட்டியல் போடுறவங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படமே இல்லாம போயிட்டா யார் ஓட்டுப் போடுவாங்க?

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1912-லிருந்து 1929 வரை அமெரிக்காவில் வெளியான சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியானபோது இருந்த அதே வடிவில் முழுமையாக மிஞ்சியிருப்பவை வெறும் 14 சதவீதம். சுமார் 70 சதவீதம் முற்றிலுமாக அழிந்துவிட்டன. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். 1937-ல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து ஏராளமான படங்கள் சாம்பலாகின. மீதிப் பல படங்களை, இனி காசு தேறாது என்று கம்பெனிகளே தூக்கிப் போட்டன.

இந்த இழப்பு எல்லாருக்கும் சமமா நடக்கல என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

1915-ல் வந்த டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்', கறுப்பினத்தவரைக் கொடியவர்களாகவும் கு கிளக்ஸ் கிளான் அமைப்பை மீட்பர்களாகவும் காட்டிய படம். கறுப்பினத்தவர் உரிமை அமைப்புகள் அப்போதே எதிர்த்துப் போராடின. அந்தப் படத்தின் பிரின்ட்டுகள் பத்திரமாக இருந்தன. 1998 பட்டியலில் 44-வது இடம். 2007-ல் வெளியேறி, அதே இயக்குநரின் 'இன்டாலரன்ஸ்' (1916) 49-வது இடத்தில் வந்தது.

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920-ல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்', கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளைத் திரையில் காட்டியது. அது பல பத்தாண்டுகள் தொலைந்துபோன படமாகவே கருதப்பட்டது. கடைசியில் ஒரே ஒரு பிரின்ட் கிடைத்தது. அதுவும் அமெரிக்காவில் இல்லை. ஸ்பெயினில், 'லா நெக்ரா' என்ற பெயரில். கறுப்பின அமெரிக்க இயக்குநர் எடுத்து இன்று மிஞ்சியிருக்கும் முழுநீளப் படங்களிலேயே பழமையானது அதுதான்.

பக்கத்துக் காலத்துக்கு வருவோம். சார்ல்ஸ் பர்னெட் என்ற மாணவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை எடுத்தார். இறைச்சிக்கூடத் தொழிலாளி ஒருவரின் அன்றாடம்தான் கதை. 1978-லேயே திரையிடப்பட்ட அந்தப் படத்தை முறையாகத் தியேட்டரில் வெளியிட முடியவில்லை. காரணம், அதில் ஒலிக்கும் பாடல்களுக்கான உரிமை வாங்கப் பணமில்லை. உரிமை வாங்கி, படத்தைப் புதுப்பித்து, தியேட்டருக்குக் கொண்டுவந்தது 2007-ல். ஏ.எஃப்.ஐ. தன் இரண்டாவது பட்டியலை வெளியிட்ட அதே ஆண்டு. அதுவரை விழாக்களிலும் வகுப்பறைகளிலும் மட்டும் சுற்றிய ஒரு படம், ஆண்டுதோறும் டிவியில் வந்த படங்களோடு எப்படிப் போட்டி போடும்?

இரண்டு ஏ.எஃப்.ஐ. பட்டியல்களிலும் பெண் இயக்குநர்கள் எடுத்த படங்களின் எண்ணிக்கை: பூஜ்ஜியம்.

அப்போ வேற லிஸ்ட் இருக்கா?

இருக்கு. பெயர் நேஷனல் ஃபிலிம் ரெஜிஸ்ட்ரி. 1980-களில் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு கம்ப்யூட்டரில் வண்ணம் பூசும் வேலை தொடங்கியது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கும் பூசினார்கள். இயக்குநர் காப்ராவும் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கடுமையாக எதிர்த்தனர். அந்தச் சர்ச்சையின் பின்னணியில் 1988-ல் பழைய படங்களைப் பாதுகாப்பதற்கான சட்டம் ஒன்று வந்தது. அதன்படி 1989-லிருந்து லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுக்கிறது. படம் குறைந்தது 10 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். பொதுமக்களும் பரிந்துரைக்கலாம்.

இங்கே ரேங்க் கிடையாது. 'எது பெஸ்ட்?' என்பது கேள்வி இல்லை. 'எதைத் தொலைக்கக் கூடாது?' என்பதுதான் கேள்வி. அதனால் 'சிட்டிசன் கேன்' இருக்கும் அதே பதிவேட்டில் 'விதின் அவர் கேட்ஸ்', 'கில்லர் ஆஃப் ஷீப்', மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோ எல்லாமே உண்டு. ஜூலி டேஷ் இயக்கிய 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991) படமும் உண்டு. கறுப்பின அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி, அமெரிக்கத் தியேட்டர்களில் பொது வெளியீடு கண்ட முதல் முழுநீளப் படம் அது.

சரி, நாம எப்படிப் பார்க்கலாம்?

*வரிசைப்படி வேண்டாம்.* 1-லிருந்து 100-க்கோ, 100-லிருந்து 1-க்கோ போகாதீங்க. ஆபீஸ் முடிஞ்சு வந்து கிட்டத்தட்ட நாலு மணி நேர 'கான் வித் தி விண்ட்' போட்டா தூக்கம்தான் வரும். சின்னதில் ஆரம்பிங்க. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (11-வது இடம்) 87 நிமிடம். '12 ஆங்ரி மென்' (87-வது இடம்) 96 நிமிடம். 'காசாபிளாங்கா' 102 நிமிடம். 'சைக்கோ' (14-வது இடம்) 109 நிமிடம். நாலும் சேர்ந்தா ஏழு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

*இரண்டு வருடங்களை நினைவில் வைங்க: 1934, 1968.* இந்த இடைப்பட்ட காலத்தில் ஹாலிவுட்டில் 'ஹேஸ் கோடு' என்ற தணிக்கை நெறிமுறை கறாராக அமலில் இருந்தது. குற்றம் செய்தவர் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. திருமணத்தை மீறிய உறவை நியாயப்படுத்தக் கூடாது. 'ஏன் எல்லாரும் இவ்வளவு சுத்தி வளைச்சுப் பேசுறாங்க?', 'கடைசி சீன்ல ஏன் திடீர்னு நீதி ஜெயிக்குது?' என்று தோன்றினால், படம் வந்த வருடத்தைப் பாருங்க. 1967-ல் வந்த 'பானி அண்ட் கிளைட்', 'தி கிராஜுவேட்' இரண்டும் ஏன் அப்படி அதிர்ச்சி கொடுத்தன என்பதும் அப்போதான் புரியும்.

*ஜோடி போட்டுப் பாருங்க.* பட்டியலில் இருந்து ஒரு படம், வெளியே இருந்து ஒரு படம். 'கான் வித் தி விண்ட்' அமெரிக்கத் தெற்கைத் தோட்ட முதலாளிகளின் கண்ணில் காட்டுகிறது. அதில் நடித்து ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல், விருது விழாவில் சக நடிகர்களோடு இல்லாமல் தனி மேஜையில் உட்கார வைக்கப்பட்டார். அதைப் பார்த்த கையோடு, அதே தெற்கில் அடிமைகளின் வாரிசுகளைப் பற்றிப் பேசும் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' பாருங்க. மேடைப் பெண்களின் போட்டியைச் சொல்லும் 'ஆல் அபௌட் ஈவ்' (28-வது இடம்) பார்த்தால், அதற்குப் பத்து வருடம் முன்பே டோரதி ஆர்ஸ்னர் என்ற பெண் இயக்கிய 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' (1940) படத்தையும் சேர்த்துக்கோங்க. 'டாக்ஸி டிரைவர்' (52-வது இடம்) பார்த்த வாரத்தில் 'கில்லர் ஆஃப் ஷீப்'. இரண்டும் 1970-களின் அமெரிக்க நகரங்கள்தான். ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை.

*சட்டப்படி இலவசமாகவும் சில உண்டு.* 'தி ஜெனரல்', 'விதின் அவர் கேட்ஸ்' போன்ற படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இணையத்தில் பல பிரதிகள் இருக்கும். மங்கலான பழைய பதிவைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட பிரதியைத் தேடிப் போடுங்க. பாதிப் பேருக்கு மௌனப் படம் பிடிக்காமல் போவதற்குக் காரணமே மோசமான பிரின்ட்தான்.

அடுத்த பட்டியலை யார் எழுதுவாங்க?

1998, 2007 வாக்காளர்கள் டிவியும் வீடியோ கேசட்டும் கொடுத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். இனி வரப்போகும் வாக்காளர்கள் ஆப்களில் படம் பார்ப்பவர்கள். அங்கே படத்தின் உரிமம் முடிந்தால், நேற்று இருந்த படம் இன்று இருக்காது. தேடுபவர்கள் குறைவு என்றால் திரும்ப வாங்கவும் மாட்டார்கள். கிடங்கில் தூக்கிப் போட்ட அதே கணக்குதான், இப்போ சர்வர்ல நடக்குது. அந்த வகையில, ஒரு பழைய படத்தைத் தேடி, ப்ளே பட்டனை அமுக்கி, கடைசி வரை பார்ப்பதும் ஒரு ஓட்டு மாதிரிதான்.

இந்த வீக்கெண்ட் ஆரம்பிக்கணும்னா '12 ஆங்ரி மென்' போடுங்க. ஒரு அறை, பன்னிரண்டு பேர், ஒரு கொலை வழக்கு. இயக்குநர் சிட்னி லூமெட்டின் முதல் படம். 1957-ல் தியேட்டரில் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 1998 பட்டியலிலும் இல்லை.